நூற்றுக்கு எழுபது

ஜோஸ்பினுக்கு வேலை இங்கிலாந்தில். உட்கார்ந்திருப்பது கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில், காலனித் தெருவில், தம்பி வீட்டுப் பின்னறையில். இந்த ஒரு விஷயத்தைத் தெருவுக்குப் புரியவைக்க அவளால் முடியவே இல்லை. "பொண்ணுக்கு வேல பூட்சி, சொல்றதுக்கு வெக்கப்படுது" என்று குழாயடியில் பேசி முடித்துவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் லேப்டாப்பைத் திறந்து காட்டி விளக்கம் சொன்னாள். பிறகு போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். காலையில் குளித்து, மேலுக்கு மட்டும் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சாயங்காலம் வரை அவள் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அறை தம்பி ஆண்டனியுடையது. அவனும் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். எட்டு மாதமாகக் கூடத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்தப் பொறுமைதான் அவளைத் தின்றது.

அவளுடைய விசா முடிந்துபோனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முனைவர் பட்டம் வாங்கியதும் அந்த நாடு மூன்று வருடம் இருந்துகொள் என்றது. மூன்று வருடம் முடிந்ததும் கிளம்பு என்றது. அவளுடைய பேராசிரியர் மார்கரெட் நல்ல மனுஷி. அதில் சந்தேகமே வேண்டாம். "ஊருக்குப் போ, அங்கிருந்தே எட்டு மாதம் எனக்கு வேலை செய். அதற்குள் உனக்கு மூன்று வருட வேலை ஒன்று ஏற்பாடு செய்கிறேன்" என்றார். துணிமணிகளையும் புத்தகங்களையும் இரண்டு பெட்டிகளில் கட்டி ஒரு தோழி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வந்தாள். முப்பத்து நாலு வயதுக்கு அவள் சேர்த்த சொத்து அந்த இரண்டு பெட்டிதான்.

அவளுக்குக் கொடுத்த வேலை இது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருநூற்றுப் பத்துப் பெண்களிடம், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள் என்று போன வருடமே கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். பதிவு செய்தவன் எழிலரசன், பக்கத்து ஊர்க்காரன். ஒலிப்பதிவெல்லாம் சென்னையில் ஒரு ஏஜென்சிக்குப் போனது. அங்கே யாரோ அதைத் தமிழில் எழுதி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, துண்டு துண்டாகக் கட்டங்களில் போட்டார்கள். செய்த காரியம் ஒரு கட்டம், ஆன நேரம் வேறொரு கட்டம். அது இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து காலனித் தெருவுக்கு வந்தது. காரியங்களை ஜோஸ்பின் வகைப்படுத்துவாள். நேரக் கணக்கை அங்கே வேறொருவர் பார்ப்பார். சொந்தத் தெருவை அவள் இங்கிலாந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்று நாற்பத்தேழு பெண்கள், காலையில் திறந்தவெளியில் மலம் கழிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷ் கட்டத்தில் அப்படித்தான் இருந்தது. நூற்றுக்கு எழுபது. ஒவ்வொன்றாக அந்த வகையில் போடும்போது அவளுக்குக் காது மடல் சுட்டது. கட்டிக்கொடுத்த கக்கூஸில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எத்தனை கட்டுரைகளில் படித்திருக்கிறாள்! தன் ஊரும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். தமிழ்க் கட்டமும் பக்கத்திலேயே இருந்தது. அது கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். ஓரிரண்டு வார்த்தை பட்டது. பட்டதும் கண்ணை இங்கிலீஷ் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எட்டு மாதம் அதே தெருவில் இருந்தாளே, ஒரு வீட்டின் பின்பக்கமாவது போய் எட்டிப் பார்த்தாளா? பார்க்கவில்லை. அந்தத் தெருவைப் பற்றி வேலை செய்யவே அவளுக்கு நேரம் போதவில்லை.

மார்கரெட் அந்த எழுபதைக் கண்டு ஆடிப்போய்விட்டார். பணம் கொடுக்கும் அறக்கட்டளையும் ஆடிப்போனது. பெண்களின் சுகாதாரம் பற்றி மூன்று வருடத்துக்குப் புதிய திட்டம் ஒன்று பிறந்தது. அந்த எழுபதின் மேல் திட்டம், திட்டத்தின் மேல் ஜோஸ்பினின் வேலை, வேலையின் மேல் விசா. வெள்ளிக்கிழமை அறிக்கை வெளியாகும், திங்கட்கிழமை ஸ்பான்சர்ஷிப் கடிதம் கையில் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். அதற்கு முன் ஒரே ஒரு காரியம் பாக்கி. தகவல் கொடுத்த பெண்களைக் கூப்பிட்டு முடிவுகளைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் அவர்களைப் பற்றி எழுதுவது தர்மமில்லை என்பது மார்கரெட்டின் கொள்கை. நல்ல கொள்கைதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்குக் கம்யூனிட்டி ஹாலில் கூட்டம். எழிலரசன் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து வந்து, சுவரில் வெள்ளை வேட்டி கட்டிவிட்டான். டீயும் போண்டாவும் உண்டு என்று சொல்லியிருந்ததால் அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஜோஸ்பினின் அம்மா தனக்கொடி முன்வரிசையில், இஸ்திரி போட்ட சேலையில் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக்கூட அவள் அப்படி உடுத்திப் போனதில்லை. மகள் மைக் பிடித்துப் பேசப்போகிறாள் என்ற பெருமை.

"இவதான் எம் பொண்ணு" என்று, ஜோஸ்பினைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற அஞ்சலாட்சியிடமே சொன்னாள்.

"ஏன், எனக்குத் தெரியாதா? வேல போயிட்ச்சின்னு சொன்னாங்களே, அந்தப் பொண்ணுதான?" என்றாள் அஞ்சலாட்சி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேட்டியின் ஒரு பாதியில் மார்கரெட்டின் முகம் வந்தது. அங்கே காலை பத்து மணி. காபிக் கோப்பையோடு கை கூப்பினார். பெண்களும் கூப்பினார்கள். லேப்டாப்பின் கேமரா ஹாலைப் பார்த்தபடி இருந்தது. நடுவில் ஜோஸ்பின் நின்றாள். இந்தப் பக்கத்து இங்கிலீஷை அந்தப் பக்கம் தமிழாக்க வேண்டும், அந்தப் பக்கத்துத் தமிழை இந்தப் பக்கம் இங்கிலீஷாக்க வேண்டும். ஹாலில் அந்த இரண்டும் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். எழிலரசனுக்குக்கூட இங்கிலீஷ் பேருக்குத்தான்.

முதல் சில படங்கள் சுமுகமாகப் போயின. எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் தண்ணீர் பிடிக்கிறார்கள், ஆண்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள். ஆண்கள் கணக்கு வந்தபோது கைதட்டலே கிடைத்தது. அடுத்த படம் வந்தது. கையில் சொம்போடு, முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் ஒரு பெண். பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுபது.

ஜோஸ்பின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூத்துக்கு எழுவது பேரு காலையில திறந்தவெளிக்குத்தான் போறதா சொல்லியிருக்கீங்க" என்றாள்.

"தெறந்தவெளின்னா இன்னா தம்பி?" என்று அஞ்சலாட்சி எழிலரசனைக் கேட்டாள்.

அவனுக்கே அது புதுச் செய்தி. இங்கிலீஷ் கட்டத்தை அவனுக்கு யாரும் காட்டவில்லை. படத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "வெளிக்குப் போறதுதாங்கா. வூட்ல கக்கூசு இல்லாம..."

எல்லோரும் மறுபடி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் கூரை பறந்தது. "யாருடா சொன்னது?" "எவ போறா? பேரச் சொல்லு, பாப்பம்!" "எங்க வூட்ல டைல்ஸ் போட்டு வெச்சிருக்கறேன், வந்து பாரு!" "போண்டா குடுத்து அசிங்கப்படுத்தவா கூப்ட்ட?" தனக்கொடி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். தெருவில் முதன்முதலாக வீட்டோடு கக்கூஸ் கட்டியவள் அவள். ஜோஸ்பின் முதல் உதவித்தொகையில் அனுப்பிய பணத்தில் கட்டியது. அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று மார்கரெட் கேட்டார்.

"எண்ணிக்கையை நம்ப முடியவில்லை என்கிறார்கள்."

"எங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொன்னதையே அவர்களுக்குப் படித்துக் காட்டு. பெயர் வேண்டாம், எண்ணை மட்டும் சொல்."

ஜோஸ்பின் பட்டியலைத் திறந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்தாள். நாற்பத்து மூன்று. தமிழ்க் கட்டத்தை முழுசாக, சத்தம் போட்டு, முதல் தடவையாகப் படித்தாள்: "காலையில நாலரைக்கு எழுந்து வாசல் தெளிச்சி, டீ போட்டு குடிச்சிட்டு கொல்லைக்குப் போவேன். போனா வூட்டுக்குத் திரும்ப பதினோரு மணி ஆயிடும்."

படிக்கும்போதே அவளுக்கு நாக்கு இழுத்துக்கொண்டது.

அஞ்சலாட்சிதான் முதலில் பிடித்தாள். "பதினோரு மணி வரிக்கும் இன்னாத்துக்குடி குந்தினு இருக்கறது? வயித்துப்போக்கா?"

ஹால் அதிர்ந்தது. ஒருத்தி இன்னொருத்தி தோளில் சாய்ந்து சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தார்கள். "சாப்பாடு கட்டினு போவாளாமா?" "கூலி எவ்ளோ குடுப்பாங்களாம் அதுக்கு?" எழிலரசன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது நாஞ் சொன்னது" என்றாள் தனக்கொடி. அவள் சிரிக்கவில்லை. "கரும்பு கொல்லைக்கு காஞ்ச சோகை உரிக்கப் போறதச் சொன்னேன்."

பாகூர்ப் பக்கத்தில் கொல்லை என்றால் மேட்டு நிலம். கரும்போ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ, சவுக்கோ போட்டிருக்கும். அங்கே வேலைக்குப் போகிறவள் கொல்லைக்குப் போகிறேன் என்பாள். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். அங்கே கொல்லைக்குப் போவது வேறு காரியம். ஏஜென்சியில் மொழிபெயர்த்த பையன் கும்பகோணத்துக்காரன். அவன் ஊரில் அவன் செய்தது சரி. அவனைத் திருத்துவதற்குத்தானே பாகூர்க்காரி ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பாகூர்க்காரிக்கு என்ன ஆயிற்று என்றால், பதினேழு வயதில் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதம் அது. அம்மாவோடு போனில் பேச முடிந்ததா என்று அறைத்தோழி கேட்டாள். "இல்ல, எங்கம்மா கொல்லைக்குப் போயிருக்காங்க, சாயந்தரம்தான் வருவாங்க" என்றாள் ஜோஸ்பின். அறையே விழுந்து புரண்டு சிரித்தது. அர்த்தம் தெரிந்த பிறகு அவள் கழிவறைக்குள் போய் அழுதாள். அன்றோடு அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். வயல் என்றாள், நிலம் என்றாள், பிறகு பண்ணை என்றுகூடச் சொன்னாள். பதினேழு வருடம் கழித்து அந்தச் சொல் கட்டத்தில் வந்து நின்றபோது, அம்மா சொன்ன அர்த்தம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஹாஸ்டல் சிரித்த அர்த்தம்தான் வந்தது. நூற்று நாற்பத்தேழு தடவை அதே அர்த்தம்தான் வந்தது.

இப்போது பட்டியலை மூடினாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்கரெட் வேட்டியில் புன்னகையோடு காத்திருந்தார். "ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள், ஜோஸ்பின்? எனக்கும் சொல்."

சொல்லலாம். ஒரு நிமிஷம் ஆகும். சொன்னால் எழுபது போகும், எழுபது போனால் திட்டம் போகும், அதற்கு மேல் எண்ண அவளுக்குத் துணிவில்லை. பரணில் இரண்டு பெட்டி. கூடத்தில் பாயில் படுத்திருக்கும் ஆண்டனி. இந்த ஹாலில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. வெள்ளிக்கிழமை வரை மூன்றே நாள்.

"அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள் இங்கிலீஷில். "சங்கடமான விஷயம் என்பதால் சிரிக்கிறார்கள். தாங்கள் சொன்னதுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்கள்."

மார்கரெட்டின் முகம் கனிந்தது. தலையை மெதுவாக ஆட்டிவிட்டு, குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அந்த நிமிஷம் ஜோஸ்பினுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த படத்துக்குப் போகச் சொல்லி எழிலரசனுக்குக் கை காட்டினாள்.

"இருடா தம்பி" என்று தனக்கொடி எழுந்து நின்றாள். மகளிடம் கேட்டாள்: "அந்தம்மாகிட்ட இன்னா சொன்ன?"

"நீங்க சொன்னததாம்மா சொன்னேன்."

"நாங்க சொன்னதுக்கு ஊரே சிரிச்சிது. அவங்க சிரிக்கலியே."

ஜோஸ்பின் மறுபடியும் எழிலரசனுக்குக் கை காட்டினாள். அவன் படத்தை மாற்றவில்லை.

"அவங்களுக்கும் வாயி இருக்குது, பல்லு இருக்குது. கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க. மூஞ்சிய எழவு வூட்ல வெச்சிக்கிற மாதிரி வெச்சிக்கினு எழுதறாங்க. நீ இன்னான்னு சொன்ன?"

குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அறுபது பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜோஸ்பினையே பார்த்தார்கள். சொம்பு வைத்திருந்த பெண் இன்னும் சுவரில் குந்தியே இருந்தாள். அந்தப் படம் வெள்ளிக்கிழமை எங்கெங்கே போகும் என்று ஜோஸ்பினுக்குத் தெரியும். அதன் கீழே இந்தக் கொம்யூனின் பெயர் இருக்கும்.

ஜோஸ்பின் திரும்பி, மார்கரெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கொல்லை என்றால் என்ன, பதினோரு மணி என்றால் என்ன, வயிற்றுப்போக்குப் பகடி உட்பட. தான் சற்றுமுன் சொன்னது பொய் என்றும் சொன்னாள்.

வேட்டியில் மார்கரெட்டின் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று எழிலரசன் ஒயரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மிகவும் பதமாகக் கேட்டார்.

"ஜோஸ்பின், மொழிபெயர்ப்புப் பிழை என்றால் அது ஏஜென்சியின் பிழை. அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். புதிய திட்டம் இல்லாவிட்டாலும் உன்னை வேறு எதிலாவது சேர்க்க முயற்சி செய்வேன். ஆனால் உன் வேலையே இதைப் பிடிப்பதுதான். அதனால் நான் கேட்டாக வேண்டும். இந்தச் சொல் உனக்குத் தெரியாத சொல்தானே?"

தெரியாத சொல்தான் என்று சொல்லிவிட்டால் போதும். அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா கேக்கறாங்க?" என்றாள் அஞ்சலாட்சி.

இனி மறைப்பதற்கு ஜோஸ்பினிடம் தெம்பில்லை. "கொல்லைன்னா இன்னான்னு எனக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க."

ஹாலில் மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை அது பிரியமான சிரிப்பு. "அவளுக்கா தெரியாது? நல்லா கேட்டாங்க போ!" "அந்தம்மாவுக்கு வெவரமே தெரில!" அஞ்சலாட்சி தனக்கொடியின் தொடையில் தட்டி, "நீயே சொல்லேன்டி" என்றாள்.

தனக்கொடி வேட்டியிலிருந்த முகத்தைப் பார்த்தே பேசினாள். அவளுக்கும் இப்போது லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. "பத்து மாசம் ஆவறதுக்கு முன்னாடியே கொல்லையில நோவு எடுத்துக்கிச்சி. வண்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. வரப்பு மேல கரும்புச் சோகைய பரப்பி அதும் மேலதான் பெத்தேன். இதோ இந்த அஞ்சலாட்சிதான் கொடி அறுத்தா. சொல்லு ஜோஸ்பினு, கொல்லையில பொறந்தவன்னு சொல்லு."

எல்லோரும் காத்திருந்தார்கள். தன் பெண்ணுக்குச் சிபாரிசு செய்கிற முகம் அம்மாவுக்கு.

ஜோஸ்பின் திரையைப் பார்த்து, அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னாள். "தெரியும், மார்கரெட். நான் பிறந்ததே ஒரு கொல்லையில்தான் என்று என் அம்மா சொல்கிறாள்."

மார்கரெட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எதையும் எழுதவில்லை. "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்றார். திங்கட்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இப்பவும் சிரிக்கலியே அந்தம்மா" என்றாள் தனக்கொடி. "சரியா சொன்னியா?"

"சரியாத்தாம்மா சொன்னேன்."